பக்கத்து நிலத்தில் மனைப்பிரிவு வருகிறது: ஆட்சேபிக்க நினைப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தமிழ்நாட்டில் ஊருக்குப் பக்கத்திலோ, ஏற்கெனவே குடியிருக்கும் நகருக்குப் பின்புறமோ புதிதாக ஒரு லேஅவுட் போடப்போகிறார்கள் என்று தெரிந்ததும் அக்கம்பக்கத்தார் கேட்கும் கேள்விகள் இவை. குடியிருப்போர் சங்க வேலையில் இவற்றைத் திரும்பத் திரும்பக் கேட்டதால் பதில்களை ஓரிடத்தில் எழுதி வைக்கிறேன். வழக்குப் போடும் நிலை வந்தால் வழக்கறிஞரைப் பாருங்கள். அதற்கு முன் நீங்களே செய்யக்கூடிய வேலை நிறைய இருக்கிறது.

பின்னால் இருக்கும் வயலில் கல் நட்டு, கொடி கட்டிவிட்டார்கள். முதலில் என்ன செய்வது?

சர்வே எண்ணைக் கண்டுபிடியுங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான். "கோயிலுக்குப் பின்னால் இருக்கும் நிலம்" என்று எழுதிய மனுவை எந்த அலுவலகமும் கையில் எடுக்காது. மாவட்டம், வட்டம், கிராமம், சர்வே எண், உட்பிரிவு எண் ஆகியவற்றைக் குறிப்பிட்டால்தான் அது ஒரு கோப்பில் போய்ச் சேரும்.

எண் தெரிந்ததும் மூன்று ஆவணங்களை எடுங்கள்: சிட்டா, அ-பதிவேடு, புலப்படம். வருவாய்த் துறையின் இணைய சேவையில் பெரும்பாலும் கிடைக்கும். கிடைக்காவிட்டால் தாலுகா அலுவலகத்தில் கேளுங்கள். சிட்டாவில் உரிமையாளர் பெயரும், நிலம் நஞ்சையா புஞ்சையா என்பதும் இருக்கும். அந்த எண் பட்டா நிலமா, புறம்போக்கா, தரிசா என்பதை அ-பதிவேடு சொல்லும். இந்த இரண்டையும் எல்லோரும் பார்த்துவிடுகிறார்கள். புலப்படத்தைத்தான் விட்டுவிடுகிறார்கள்.

புலப்படத்தில் என்ன பார்க்க வேண்டும்?

எஃப்எம்பி என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். ஒரு சர்வே எண்ணுக்கு ஒரு தாள். நிலத்தின் எல்லைக் கோடுகளும், ஒவ்வொரு கோட்டின் நீளமும், சுற்றிலும் உள்ள சர்வே எண்களும் அதில் இருக்கும். முதல் பார்வையில் ஒன்றும் புரியாததுபோல் தோன்றும். ஓரங்களில் எழுதியிருக்கும் பக்கத்து எண்களை வைத்துத் தாளைத் திருப்பி, உங்கள் வீடு எந்தப் பக்கம் வருகிறது என்று முதலில் பிடித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் வாய்க்காலைத் தேடுங்கள். வாய்க்கால் இரண்டு விதமாக இருக்கும். ஒன்று, தனி சர்வே எண்ணோடு, நீளமாக, ஒல்லியாகப் போகும் புறம்போக்கு வாய்க்கால். இது அ-பதிவேட்டிலும் வந்துவிடும், மறைப்பது கடினம். இன்னொன்று, பட்டா நிலத்துக்குள்ளேயே ஓடும் பாசன வாய்க்கால் அல்லது ஓடை. அந்த இடமும் பட்டாவில்தான் சேர்ந்திருக்கும். அதனால் சிட்டாவிலோ அ-பதிவேட்டிலோ சுவடே தெரியாது, புலப்படத்தில் கோடாக மட்டும் இருக்கும். மண் அடித்து நிரவும்போது முதலில் காணாமல் போவது இதுதான். மேட்டில் பெய்யும் மழை இறங்குவதும் பெரும்பாலும் இதன் வழியாகத்தான்.

பக்கத்து சர்வே எண்களின் புலப்படங்களையும் எடுத்து ஒட்டிப் பாருங்கள். மேற்கே உள்ள எண்ணில் ஒரு ஓடை எல்லை வரை வருகிறது, கிழக்கே உள்ள எண்ணில் அதே நேரில் மீண்டும் தொடங்குகிறது, நடுவில் இருக்கும் மனைப்பிரிவு வரைபடத்தில் மட்டும் அது இல்லை என்றால், உங்கள் ஆட்சேபணையின் முதல் பத்தி கிடைத்துவிட்டது. வண்டிப்பாதையையும் இப்படியே சரிபாருங்கள்.

அனுமதி தருவது யார்? பஞ்சாயத்துத் தலைவர் கையெழுத்து போதும் என்கிறார்களே?

போதாது. சென்னைப் பெருநகர்ப் பகுதியில் சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம், அதாவது சிஎம்டிஏ; மற்ற இடங்களில் நகர் ஊரமைப்பு இயக்ககம், அதாவது டிடிசிபி. 1971-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் மற்றும் ஊரமைப்புச் சட்டமும், 2019-இல் வந்த ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளும்தான் அடிப்படை. இந்த அமைப்புகள் தொழில்நுட்ப ஒப்புதல் கொடுத்த பிறகு, சாலைகளையும் பொது இடங்களையும் தானப் பத்திரம் மூலம் உள்ளாட்சிக்கு எழுதிக்கொடுக்க வேண்டும். உள்ளாட்சியின் இறுதி அனுமதி அதற்குப் பிறகு வரும். "பஞ்சாயத்து அப்ரூவ்டு" என்று பலகை வைத்து விற்பவர்களிடம் டிடிசிபி எண்ணைக் கேளுங்கள்.

அந்த நிலம் எந்த மண்டலத்தில் இருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

முழுமைத் திட்டம், அதாவது மாஸ்டர் பிளான், நடைமுறையில் உள்ள ஊர்களில் ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் ஒரு நில உபயோகம் ஒதுக்கப்பட்டிருக்கும்: குடியிருப்பு, வணிகம், தொழில், நிறுவனம், விவசாயம், திறந்தவெளி என்று. சென்னைக்கு 2008-இல் ஒப்புதல் பெற்ற இரண்டாவது முழுமைத் திட்டம் இருக்கிறது. சிஎம்டிஏ இணையதளத்தில் சர்வே எண் கொடுத்துப் பார்க்கலாம். மற்ற ஊர்களில் மாவட்ட நகர் ஊரமைப்பு அலுவலகத்தில் விசாரியுங்கள். சென்னையைச் சுற்றி சில இடங்களுக்குக் கூடுதல் கட்டுப்பாடும் உண்டு. செங்குன்றம் ஏரி நீர்ப்பிடிப்புப் பகுதி, திருவான்மியூருக்குத் தெற்கே கடலோர நிலத்தடி நீர்ப் பகுதி, பள்ளிக்கரணை சதுப்பு நிலம் போன்றவை அப்படிப்பட்டவை. பள்ளிக்கரணை 2022-இல், சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலிலும் சேர்ந்தது.

நிலம் விவசாய மண்டலத்தில் இருந்தால் நேரடியாக லேஅவுட் போட முடியாது, நில உபயோக மாற்றம் வாங்க வேண்டும். முழுமைத் திட்டம் இல்லாத கிராமப் பகுதியிலும் விவசாய நிலத்தை மனையாக்க இயக்ககத்தின் இசைவு தேவை. நஞ்சையாக இருந்தால் மாவட்ட ஆட்சியரின் ஒப்புதலும் வேண்டும். "நாலு வருஷமாகத் தரிசாகத்தான் கிடக்கிறது" என்ற வாதம் அடிக்கடி வரும். விதைக்காமல் போட்டதால் நஞ்சை புஞ்சையாகிவிடாது. பதிவேட்டில் என்ன வகைப்பாடு இருக்கிறதோ அதுதான் பேசும்.

எங்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அனுமதி கொடுக்கலாமா?

நிறைய பேர் ஏமாறும் இடம் இதுதான் என்பதால் நேராகவே சொல்லிவிடுகிறேன். நிலம் ஏற்கெனவே குடியிருப்பு மண்டலத்தில் இருந்தால், மனைப்பிரிவு விண்ணப்பத்துக்காக அக்கம்பக்கத்தாருக்கு நோட்டீஸ் அனுப்பிக் கருத்துக் கேட்கும் ஏற்பாடு நம் சட்டத்தில் இல்லை. விண்ணப்பம் போகும், கள ஆய்வு நடக்கும், அனுமதி வந்துவிடும். கல் நட்ட பிறகுதான் உங்களுக்குத் தெரியும்.

சட்டப்படியே உங்கள் கருத்தைக் கேட்க வேண்டிய சந்தர்ப்பங்கள் இரண்டு. ஒன்று, முழுமைத் திட்டத்தைப் புதிதாகத் தயாரிக்கும்போதோ திருத்தும்போதோ. அப்போது வரைவை வெளியிட்டு ஆட்சேபணைகளுக்கு அவகாசம் தருவார்கள். நம் ஊர்களில் இந்த வாய்ப்பை யாரும் பயன்படுத்துவதில்லை. ஊர் ஏரியின் உபரிநீர் போகும் வழியைக் குடியிருப்பு மண்டலமாகக் காட்டியிருந்தால் அதைத் தடுக்கச் சுலபமான நேரம் அதுதான். மற்றொன்று, குறிப்பிட்ட சர்வே எண்களுக்கு நில உபயோக மாற்றம் கேட்கும்போது. நாளிதழில் விளம்பரம் வரும், அதில் சொன்ன நாளுக்குள் எழுத்தில் தர வேண்டும். விளம்பரம் சிறியதாக, சர்வே எண்களும் பரப்பளவும் மட்டுமாக இருக்கும். உங்கள் கிராமத்தின் பெயரைப் பார்க்க சங்கத்தில் ஒருவரையாவது பொறுப்பாக வையுங்கள்.

சரி, இரண்டும் இல்லையென்றால்? நோட்டீஸ் வராவிட்டாலும் மனு கொடுக்க எந்தத் தடையும் இல்லை. நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 49-ஆம் பிரிவு, அனுமதி கொடுக்கும்போது அந்த இடம் அந்தப் பயன்பாட்டுக்கு ஏற்றதா, பகுதியின் எதிர்கால வளர்ச்சிக்குப் பொருந்துமா என்பதையெல்லாம் கருத்தில் கொள்ளச் சொல்கிறது. நீங்கள் கொடுக்கும் தகவல் அந்தக் கேள்விகளுக்கு நேரடியாகத் தொடர்புடையது. இறுதி அனுமதிக்கு முன்னால் போய்ச் சேர்ந்தால் அதற்கு மதிப்பு அதிகம்.

எந்தக் காரணங்கள் எடுபடும்?

தண்ணீர்தான் முதலில். 2015 டிசம்பரில் முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் வீடுகளின் முதல் தளம் வரை நீர் ஏறியதை யாரும் மறந்திருக்க மாட்டோம். அடையாற்று வெள்ளம் போகும் தாழ்வான நிலத்தில் மனை மனையாகப் பிரித்து விற்ற இடங்கள் அங்கே ஏராளம். அங்கே வீடு கட்டியவர்கள் வாழ்நாள் சேமிப்பைப் போட்டவர்கள். எனவே தண்ணீரைப் பற்றிய ஆட்சேபணை உங்கள் தெருவுக்காக மட்டும் இல்லை, இன்னும் வாங்காத அந்தக் குடும்பங்களுக்காகவும்தான்.

"வெள்ளம் வரும்" என்று பொதுவாக எழுதாதீர்கள். தண்ணீர் எந்த ஏரியிலிருந்து அல்லது எந்த மேட்டிலிருந்து வருகிறது, எந்த வாய்க்கால் வழியாகப் போகிறது, அந்த வாய்க்கால் எந்த சர்வே எண்ணில் இருக்கிறது, மனைப்பிரிவில் எந்த மனை அல்லது சாலை அதன் மேல் வருகிறது என்று எழுதுங்கள். மழைக்காலத்தில் எடுத்த, தேதி தெரியும் புகைப்படம் ஒன்று இருந்தால் நல்லது. இத்தகைய நிலத்துக்கு நீர்வளத் துறையின் தடையின்மைச் சான்று கேட்கப்படும். அந்தச் சான்று எத்தனை அடி உயர்த்த வேண்டும், சிறுபாலம் எங்கே, வடிகால் எவ்வளவு அகலம் என்று நிபந்தனைகளோடு வரும். அவை நிறைவேறினவா என்று பாருங்கள். ஒரு நிலத்தை மண் அடித்து உயர்த்தினால் அங்கே நின்ற தண்ணீர் அடுத்த தாழ்வான இடத்துக்குப் போகும். அது உங்கள் தெருவாக இருந்தால் அதையும் எழுதுங்கள்.

அடுத்தது வழி. அணுகுசாலை உண்மையிலேயே பொதுச் சாலையா, விதிகள் கேட்கும் அகலம் தரையில் இருக்கிறதா? வரைபடத்தில் ஒரே அகலமாகக் காட்டியிருப்பார்கள். போய் டேப் பிடித்து அளந்தால் ஒரு வளைவில் குறுகியிருக்கும். வேறொருவரின் பட்டா நிலத்தை வழியாகக் காட்டியிருந்தாலோ, புறம்போக்கை உள்ளே சேர்த்திருந்தாலோ அது மிகப் பலமான காரணம். உயர் அழுத்த மின்கம்பி மேலே போனால் அதற்கு விட வேண்டிய இடைவெளியையும் பாருங்கள்.

எவை எடுபடாது?

"காற்று வராது", "அமைதி கெடும்", "எங்கள் மனை விலை குறையும்" போன்றவை. இவற்றை மனுவில் சேர்த்தால் நல்ல காரணங்களும் சேர்ந்து பலம் இழக்கும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். "யார் யாரோ வந்துவிடுவார்கள்", "சின்னச் சின்ன மனை போட்டால் தரம் போய்விடும்" என்று கூட்டங்களில் பேச்சு வரும். அதற்குப் பின்னால் இருப்பது பெரும்பாலும் சாதியும் வசதியும்தான். அதை நான் மனுவில் எழுதித் தர மாட்டேன், நீங்களும் எழுதாதீர்கள். வீடு எல்லோருக்கும் வேண்டும். பெரிய லேஅவுட்டுகளில் பொருளாதாரத்தில் நலிந்தவர்களுக்கு மனை ஒதுக்கச் சொல்லி விதியே இருக்கிறது. நாம் கேட்பது வீடு வரக்கூடாது என்பதல்ல. தண்ணீர் போக வழி விட்டு, சாலை விட்டு, பூங்கா விட்டு வர வேண்டும் என்பதுதான்.

ஓஎஸ்ஆர் என்கிறார்களே, அது எவ்வளவு விட வேண்டும்?

திறந்தவெளி ஒதுக்கீடு. 3,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்துக்கு இது பொருந்தும். சாலைப் பரப்பைக் கழித்துவிட்டு, மீதியில் 10 சதவீதம். 10,000 சதுர மீட்டர் வரை, நிலமாக விட முடியாவிட்டால் வழிகாட்டி மதிப்பில் பணமாகக் கட்டலாம். அதற்கு மேல் போனால் பணம் கட்டித் தப்ப முடியாது, நிலமாகவே உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதித் தர வேண்டும்.

இந்த 10,000 சதுர மீட்டர் எல்லை இருப்பதால்தான் ஒரே நிலத்தைத் துண்டு துண்டாகக் காட்டி விண்ணப்பிக்கும் பழக்கம் வந்தது. சுமார் இரண்டரை ஏக்கர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து ஏக்கரை இரண்டு பெயரில், "பகுதி 1", "பகுதி 2" என்று போட்டால் கவனியுங்கள். மூலப்பத்திரம் ஒன்றா, சாலை ஒன்றோடொன்று இணைகிறதா, புரமோட்டர் ஒருவரா என்று வில்லங்கச் சான்றும் வரைபடமும் காட்டிக்கொடுக்கும். பூங்காவை எங்கே ஒதுக்கியிருக்கிறார்கள் என்பதையும் பாருங்கள். விற்காத மூலை, பள்ளம், மின்கம்பிக்குக் கீழ் என்று தள்ளிவிடுவது வழக்கம். எல்லோரும் சாலையிலிருந்து நேராகப் போய் வரக்கூடிய இடமாக இருக்க வேண்டும்.

மனுவை எப்படி எழுதுவது?

ஒரு பக்கம், மிஞ்சினால் ஒன்றரை. ஒரு பத்திக்கு ஒரு காரணம். ஒவ்வொரு காரணத்துக்கும் ஓர் ஆவணம். இப்படி இருந்தால் போதும்:

"மேற்படி சர்வே எண்ணின் புலப்பட நகலை இணைத்துள்ளோம். அதில் மேற்கு எல்லையிலிருந்து கிழக்கு எல்லை வரை ஓடை காட்டப்பட்டுள்ளது. மனைப்பிரிவு வரைபடத்தில் அந்த ஓடை இல்லை, அதே இடத்தில் மனைகள் காட்டப்பட்டுள்ளன. எங்கள் தெருவின் மழைநீர் இந்த ஓடை வழியாகவே வெளியேறுகிறது. எனவே வட்டாட்சியர், நில அளவையர், நீர்வளத் துறை அலுவலர் ஆகியோரைக் கொண்டு கூட்டாகத் தல ஆய்வு செய்து, ஓடையை அளந்து கல் நட்ட பிறகே விண்ணப்பத்தின் மேல் முடிவெடுக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்."

கடைசி வாக்கியத்தைக் கவனியுங்கள். "அனுமதி கொடுக்காதீர்கள்" என்று மட்டும் கேட்டால் அலுவலர் என்ன செய்வது என்று யோசிப்பார். "வந்து அளந்து பாருங்கள்" என்பது அவர் செய்யக்கூடிய வேலை. கையெழுத்துகளோடு வீட்டு எண்ணும் இருக்கட்டும். டிடிசிபி அல்லது சிஎம்டிஏ, வட்டாட்சியர், உள்ளாட்சி, நீர்வளத் துறை எல்லோருக்கும் ஒரே மனுவை விரைவுத் தபாலில் ஒப்புகையோடு அனுப்புங்கள். திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்திலும் ஒரு பிரதி கொடுத்து எண் வாங்கிக்கொள்ளுங்கள்.

வரைபடமே எங்கள் கையில் இல்லையே?

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க் கட்டணத்தோடு கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். வரைபடம், தள ஆய்வு அறிக்கை, ஒவ்வொரு துறையின் தடையின்மைச் சான்று, தானப் பத்திரம் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். "ஏன் அனுமதித்தீர்கள்" என்று கேள்வி கேட்டால் பதில் வராது. கோப்பை நேரில் பார்வையிடவும் அதே சட்டத்தில் உரிமை உண்டு. நேரில் புரட்டும்போதுதான் குறிப்புத் தாள்களில் யார் என்ன சந்தேகம் எழுப்பினார் என்று தெரியும். ரெராவில், அதாவது கட்டட, மனை விற்பனையை ஒழுங்குபடுத்தும் குழுமத்தில், பதிவான திட்டமாக இருந்தால் அதன் இணையதளத்திலேயே அனுமதி ஆணையையும் வரைபடத்தையும் பார்த்துவிடலாம்.

கிராம சபையில் தீர்மானம் போட்டால் நின்றுவிடுமா?

தானாக நிற்காது, திட்ட அனுமதி கிராம சபையின் அதிகாரத்தில் இல்லை. ஆனால் ஊரே ஒரு நாளில் ஒரு வாய்க்காலைப் பற்றிச் சொன்னது பதிவாகிவிடும். பிறகு நீதிமன்றத்தில் அது உதவும். தீர்மானத்திலும் சர்வே எண் இருக்க வேண்டும்.

அனுமதி கொடுத்தாகிவிட்டது. இனி ஒன்றும் செய்ய முடியாதா?

முடியும், ஆனால் கடினம். நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 79-ஆம் பிரிவின்படி மேல்முறையீடு செய்யலாம். காலக்கெடு உண்டு, எனவே ஆணையின் தேதி தெரிந்த உடனே வழக்கறிஞரைப் பாருங்கள். உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடுபவர்கள் பலருக்குக் கிடைப்பது "மனுதாரரின் மனுவை இத்தனை வாரத்தில் பரிசீலித்து முடிவெடுக்க வேண்டும்" என்ற உத்தரவு. அதைத் தோல்வி என்று நினைக்காதீர்கள். ஏற்கெனவே கொடுத்த மனு வலுவாக இருந்தால், அதற்குக் காரணம் சொல்லிப் பதில் எழுத வேண்டிய கட்டாயம் அலுவலகத்துக்கு வருகிறது. நீர்நிலை என்றால் நீதிமன்றங்கள் கண்டிப்பானவை. 2005-இல் எல். கிருஷ்ணன் வழக்கில் நீர்நிலைகளை ஆக்கிரமிப்பிலிருந்து மீட்கச் சொன்னது சென்னை உயர் நீதிமன்றம்தான்.

அனுமதித்த வரைபடத்துக்கு மாறாகத் தரையில் வேலை நடந்தால் அது வேறு கதை. அப்போது 56, 57 பிரிவுகளின்படி நடவடிக்கை எடுக்கக் கேட்டு மனு கொடுங்கள். வேலையை நிறுத்தச் சொல்லும் அதிகாரம் திட்டக் குழுமத்துக்கு உண்டு.

அனுமதியே இல்லாமல் மனை விற்கிறார்கள். பத்திரம் பதிவாகுமா?

அனுமதியற்ற மனைகளைப் பதிவு செய்ய 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. இத்தகைய பதிவைத் தடுக்கும் பதிவுச் சட்டத்தின் 22-அ பிரிவும் அதே ஆண்டு அக்டோபர் 20 முதல் நடைமுறைக்கு வந்தது. அந்தத் தேதிக்கு முன்பு விற்கப்பட்ட மனைகளுக்காக 2017-இல் வரன்முறைத் திட்டம் வந்தது. இன்று புதிதாகப் போடும் லேஅவுட்டுக்கு அது பொருந்தாது. "பிறகு ரெகுலரைஸ் பண்ணிக்கலாம்" என்று சொன்னால் நம்பாதீர்கள். சார்பதிவாளருக்கும் உங்கள் மனுவின் நகலை அனுப்புங்கள்.

எங்கள் லேஅவுட்டில் பூங்காவுக்கு விட்ட இடத்தையே மனையாகப் பிரிக்கிறார்கள்!

இதில் நீங்கள் பலமான இடத்தில் இருக்கிறீர்கள். 1991-இல் பெங்களூர் மெடிக்கல் டிரஸ்ட் வழக்கில், பூங்காவுக்கு ஒதுக்கிய இடத்தை மருத்துவமனைக்குக் கொடுத்தது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த இடத்துக்காக வழக்குப் போட அங்கே குடியிருப்பவர்களுக்கு உரிமை உண்டு என்றும் சொன்னது. மருத்துவமனைக்கே அப்படி என்றால் விற்பனை மனைக்கு என்ன இடம்? புதிய, ரெரா பதிவுள்ள திட்டம் என்றால், வாங்கியவர்களில் மூன்றில் இரண்டு பங்கினரின் எழுத்துப்பூர்வச் சம்மதம் இல்லாமல் அனுமதித்த வரைபடத்தை மாற்றக் கூடாது.

பழைய லேஅவுட் என்றால் அனுமதி வரைபட நகலை இன்றே வாங்கிவையுங்கள். உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் பதிவானதா என்று வில்லங்கச் சான்றில் பாருங்கள். பதிவாகாமல் விடுபட்ட இடங்களுக்குத்தான் பெரும்பாலும் பிறகு ஒரு "வாரிசு" வருகிறார்.

புரமோட்டர் பேச வரச் சொல்கிறார். போகலாமா?

போங்கள், ஆனால் தனியாகப் போகாதீர்கள். சங்கமாகப் போங்கள், பேசியதை அன்றே எழுதி இரு தரப்பும் கையெழுத்திடுங்கள். கேட்பதில் தெளிவாக இருங்கள்: ஓடையை இவ்வளவு அகலத்தில் விட வேண்டும், சிறுபாலம் இந்த இடத்தில், தெருவை விட இத்தனை அடிக்கு மேல் மண் அடிக்கக் கூடாது, லாரி போகும் நேரம் இது. நேர்மையாகத் தொழில் செய்பவர்கள் இதற்கு ஒப்புக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். தண்ணீர் நின்றால் அவர்கள் மனையும் விற்காது. ஒப்புக்கொண்டது திருத்திய வரைபடத்தில் வர வேண்டும், அந்த வரைபடம் அனுமதி அலுவலகத்துக்குப் போக வேண்டும். அதுவரை மனுவைத் திரும்பப் பெறாதீர்கள். கோயிலுக்கு நன்கொடை, தெருவுக்கு விளக்கு என்று வேறு பேச்சு எடுத்தால், ஓடைக்கு என்ன பதில் என்று மட்டும் திரும்பக் கேளுங்கள்.

ஏற்கெனவே மனை வாங்கிவிட்டவர்கள் எங்களிடம் சண்டைக்கு வருகிறார்கள். என்ன சொல்வது?

உட்கார வைத்துப் புலப்படத்தைக் காட்டுங்கள். அவர் மனை ஓடையின் மேல் இருந்தால் அவருக்குத்தான் முதலில் தெரிய வேண்டும். ரெராவில் புகார் செய்யும் உரிமை உங்களைவிட அவருக்குத் தெளிவாக இருக்கிறது. முன்பணம் மட்டும் கொடுத்திருந்தால், ரசீதையும் விளம்பரத் துண்டுப் பிரசுரத்தையும் பத்திரமாக வைக்கச் சொல்லுங்கள்.